அம்மாவுக்கும் நடை சாத்த வேண்டும்

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் மூலவர் தனியாக நிற்பதில்லை. ருக்மிணித் தாயார், அண்ணன் பலராமர், தம்பி சாத்யகி, மகன் பிரத்யும்னன், பேரன் அனிருத்தன் என்று குடும்பத்தோடு நிற்கிறார். முகத்தில் மீசை. கையில் சங்கு உண்டு, சக்கரம் கிடையாது. போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று சொல்லி, தோழனுக்குத் தேரோட்ட வந்தவர். உற்சவர் முகத்தில் வடுக்கள் இருக்கும். பீஷ்மர் விட்ட அம்புகள் பட்ட தழும்பு என்பார்கள். சின்ன வயதில் புறப்பாட்டின்போது அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு, "சாமிக்கு வலிக்காதாப்பா?" என்று கேட்டேனாம். "தோழனுக்காக வாங்கினதுடா, வலிச்சாலும் வெளியில சொல்ல மாட்டார்" என்றாராம்.

அந்த அப்பாவுக்குத்தான் பிறகு சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். எங்களுக்குக் கிடைத்தது விடிகாலை ஷிஃப்ட். பள்ளியில் என்னோடு படித்த நண்பன் ஆட்டோ ஓட்டுகிறான். 14 மாதம் அவன்தான் வந்தான். இரண்டாவது மாடியிலிருந்து அப்பாவைக் குழந்தை மாதிரி தூக்கி இறக்குவான். ரம்ஜான் மாதத்தில், நோன்புக்கு முன் விடியலில் சாப்பிடும் சஹர் முடித்த கையோடு வந்து நிற்பான். பணம் என்று வாயைத் திறந்தால் முகம் மாறிவிடும். ஒருநாள் தாங்காமல், "நீதான்டா எங்களுக்குப் பார்த்தசாரதி" என்று சொல்லிவிட்டேன். பதறிவிட்டான். "அப்படிலாம் சொல்லாத மச்சான். அல்லா ஒருத்தன்தான். அப்பாவைக் கூட்டிட்டுப் போன்னு அனுப்பினான், வந்திருக்கேன்." அதற்குப் பிறகு அவனிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஆனால் அந்த 14 மாதமும் வாசலில் வந்து நின்றது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்மாவைத்தான் நான் பார்க்காமல் விட்டேன். காய்களை நறுக்கி, வேகவைத்து, பொட்டாசியம் இறங்குவதற்காகத் தண்ணீரை வடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் சமையல். உப்பு குறைவு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரை அளந்து வைப்பாள். தாகம் தாங்காத அப்பா கத்துவார். பேசக்கூடாத வார்த்தையெல்லாம் பேசுவார். ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அந்த முகத்தை அப்போது நிமிர்ந்து பார்த்திருந்தால், நான் சின்ன வயதில் கேட்ட கேள்வியை அவளிடம் கேட்டிருப்பேன்.

அன்னையர் தினத்தில் "அம்மாதான் தெய்வம்" என்று எல்லாருமே ஸ்டேட்டஸ் வைக்கிறோம். நானும் வைத்திருக்கிறேன். இப்போது அதைப் பார்த்தால் மனசு உறுத்துகிறது. தெய்வத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? கோயிலில் முதலில் அமுது செய்வது பெருமாள், அவருக்குப் படைத்த பிறகுதான் நமக்குப் பிரசாதம். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுகிறவள் அம்மா. கோயிலில் மதியம் நடை சாத்திவிட்டால் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கிறோம். எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் கதவைத் தட்டுவதில்லை. பெருமாள் ஓய்வெடுக்கிறார் என்பது நமக்குப் புரிகிறது. வீட்டில் அந்தக் கதவுக்குப் பூட்டே இல்லை. "அம்மா, என் சார்ஜர் எங்கே?" என்று உறக்கத்திலிருந்து எழுப்புகிறோம். தெய்வம் என்று சொல்லிச் சொல்லியே வேலை வாங்குகிறோம். அவளுக்குப் பசிக்காது, அலுக்காது, வலிக்காது என்று நாமாகவே முடிவுசெய்துகொள்ள அந்தச் சொல் வசதியாக இருக்கிறது. கடவுளை அவளிடம் உண்மையாகவே காண்கிறவன் அப்படி நடந்துகொள்ள மாட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். முதலில் அம்மா தட்டில் பரிமாறிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. மதியம் 1 மணியிலிருந்து 4 மணி வரை அவளை யாரும் கூப்பிடக்கூடாது. "நான் என்ன சீக்காளியா?" என்று முதல் வாரம் முழுக்கச் சண்டை போட்டாள். இப்போது நன்றாகத் தூங்குகிறாள்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நண்பன் அம்மாவுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். நான் வெளியே இருந்தேன். போன் பண்ணி, "அம்மா தூங்குற நேரமாச்சே, எழுப்ப வேணாம்" என்றான். நான் வந்து பார்க்கும்போது மணி மூன்றரை. பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.