"டைப்பிஸ்ட்" என்று சொன்னது யாரை?

எங்கள் பாடகர் குழுவின் சனிக்கிழமைப் பயிற்சியில் நடந்ததைப் பற்றி இன்பொக்ஸில் ஏற்கெனவே நான்கு பேர் கேட்டுவிட்டார்கள், வாட்ஸ்அப் குழுவிலும் ஓடுகிறது. ஆகவே முதலிலிருந்து சொல்லப் போவதில்லை, யார் பெயரையும் இழுக்கப் போவதுமில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

19 வயதுப் பிள்ளை அவள். பாட்டு ஜி மேஜரில் இருந்தது, மேல் ஏ சுரம் சொப்ரானோ (பெண் மேல்குரல்) பிள்ளைகளுக்கு எட்டவில்லை, ஒரு டோன் இறக்கினால்தான் சரி என்று முடிவானது. லெப்டொப்பை மடியில் வைத்தாள். நாங்கள் பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் நான்கு குரலும் எஃப் மேஜருக்கு இறங்கி, டெனர் (ஆண் மேல்குரல்) வரியில் மாதக்கணக்காகக் கிடந்த பிழையும் திருத்தப்பட்டு, புதுப் பிரதி தயார். அதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் எங்கள் மூத்த பாடகர் ஒருவர் சொன்னார், "மவுஸைக்கூடத் தொடாம டக்குடக்கென்று அடிக்குது, இது டைப்பிஸ்ட் வேலை, சங்கீதமில்லை" என்று. எல்லாரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கணினி விசைப்பலகையில் சுரம் எழுதுகிறவர் இசையை விட்டுவிட்டு எழுதவில்லை, இசையை விடாமல் இருக்கத்தான் அப்படி எழுதுகிறார்.

சுரம் எழுதும் மென்பொருளான மியூஸ்கோரில் ஒரு வரியை மவுஸால் எழுதிப் பாருங்கள். ஒரு அடி நீளமான குரொச்செட்டைத் தேடிப் போய் ஒரு கிளிக், கோட்டில் சரியான இடம் பார்த்து ஒரு கிளிக், கை கொஞ்சம் நடுங்கினால் ஏ இருக்கவேண்டிய இடத்தில் பி. திருத்து. அடுத்தது அதில் பாதியான குவேவர், திரும்ப மேலே போ. நாலாவது பாருக்கு (தாளக் கட்டத்துக்கு) வரும்போது மனதில் ஓடிக்கொண்டிருந்த மெட்டு எங்கே போனதென்று தெரியாது. விசையில் அப்படியில்லை. 'என்' (N) என்ற எழுத்தைத் தட்டினால் எழுதும் நிலைக்கு வந்துவிடும், 5 குரொச்செட், 4 குவேவர், 6 இரண்டடி மினிம், பூச்சியம் தட்டினால் ஓய்வு, ஏ முதல் ஜி வரை அந்தந்த எழுத்தே சுரம். மெட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே விரல் போகும்.

அதிலும் காது வேண்டும். ஜியிலிருந்து மேலே ஈக்குத் தாவுகிற இடத்தில் ஈ என்று தட்டினால், மென்பொருள் கிட்டத்தில் இருக்கிற கீழ் ஈயைத்தான் போடும், ஏனென்றால் அதற்கு மெட்டுத் தெரியாது. எழுதுகிறவருக்குத் தெரியும். கொன்ட்ரோலோடு மேல் அம்புக்குறியைத் தட்டி ஒரு ஒக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே ஏற்றுவார். வெறும் டைப் அடிக்கிறவரென்றால் அந்த ஈ கீழேயே கிடந்திருக்கும்.

சனிக்கிழமை அவள் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எல்லாவற்றையும் தெரிவு செய்து கீழ் அம்புக்குறியை இரண்டு தரம் தட்டினாலும் பாட்டு ஒரு டோன் இறங்கும்தான். ஆனால் கோட்டின் தொடக்கத்தில் சுருதியைக் காட்டுகிற கீ சிக்னேச்சர் பழைய ஜி மேஜரிலேயே நிற்கும், எஃப் வருகிற பாரிலெல்லாம் ஷார்ப்பை நீக்குகிற நாச்சுரல் குறி ஒன்று வந்து குந்திவிடும், பார்த்துப் பாடுகிற பிள்ளைகள் திணறிப் போவார்கள். அவள் சுருதி மாற்றுகிற ட்ரான்ஸ்போஸைத் திறந்து கீ சிக்னேச்சரோடு சேர்த்து இறக்கினாள். அப்புறம் பேஸ் (ஆண் அடிக்குரல்) வரியைப் பாடிப் பார்த்தாள், அடி ஜி இப்போது அடி எஃப் ஆகியிருந்தது. எங்கள் பேஸ் ஆட்களுக்கு அது வராது என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு சுரத்தை மட்டும் மேல் ஒக்டேவுக்குத் தூக்கினாள். அந்த பேஸ் வரிசையில்தான் அவளை டைப்பிஸ்ட் என்றவரும் நிற்கிறார்.

எனக்கு வலித்தது இன்னொரு காரணத்தாலும். என் அம்மா டைப்பிஸ்ட். மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருந்த கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், வேலை. தமிழ் டைப்ரைட்டரில் கடிதத்தைப் பார்த்தபடியே அடிப்பார், விசையைக் குனிந்து பார்த்ததை நான் கண்டதில்லை. வீட்டில் என்னைப் பழக்கும்போது என் கை மேல் துவாயைப் போட்டு மூடிவிட்டு, "விரலைப் பாக்காத மனே, சொல்லைப் பாரு" என்பார். பெரிய அதிகாரிகளின் கடிதத்தில் வசனப் பிழை இருந்தால் சத்தமில்லாமல் திருத்தித்தான் அடிப்பார், ஒருவரும் அதற்கு நன்றி சொன்னதில்லை. அந்த அம்மா பழக்கிய விரலால்தான் இன்றைக்கு நான் நான்கு குரலுக்கு எழுதுகிறேன். டைப்பிஸ்ட் என்ற சொல்லை வசைபோலத் தூக்கி எறிந்தால் அது எங்கள் வீட்டு வாசலில் வந்து விழுகிறது.

சிலர் எழுதுவார்கள் என்று தெரியும், "கையால் எழுதினால்தான் மனதில் பதியும்" என்று. சரி, பதியட்டும். நானும் அடிமட்டம் வைத்து ஐந்து கோடு இழுத்து எழுதிய காலம் உண்டு. ஒரு சுரம் பிழைத்தால் முழுப் பக்கமும் திரும்ப எழுதவேண்டும், 30 பேருக்கு ஃபோட்டோகொப்பி எடுத்தால் அரைவாசிப் பேருக்குக் கோடே தெரியாது. அதைச் சங்கீதம் என்றால் இதுவும் சங்கீதம்தான்.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சுரம் எழுதும் இன்னொரு மென்பொருளான ஃபினாலேயைக் காட்டுகிறார். 1988 இல் வந்த மென்பொருளையே 2024 ஓகஸ்டில் நிறுத்தப் போவதாக அறிவித்துவிட்டார்களே, பழகிய குறுக்குவிசையெல்லாம் வீண்தானே என்று. இது நியாயமான கேள்வி. ஒன்றில் பழகியது மற்றதில் அப்படியே வராது என்பதும் உண்மை, டொரிகோ என்ற மென்பொருளில் குரொச்செட்டுக்கு 6, மியூஸ்கோரில் 6 என்றால் மினிம், மாறிப் போனவர்கள் முதல் வாரம் அழுதே விடுவார்கள். ஆனால் எழுதியதை பொதுவான கோப்பு வடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல் ஆக எடுத்து வைத்தால் வேறு மென்பொருளில் திறக்கலாம். விரல் ஒரு கிழமையில் திரும்பப் பழகும்.

இன்னொருவர் "விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணில் சங்கீதத்தை டைப் அடிக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். அடிகளார் காரைதீவில் பிறந்தவர், எங்கள் எல்லாருக்கும் சொந்தம், அவர் பெயரால் ஒரு பிள்ளையைச் சின்னப்படுத்தாதீர்கள். 1947 இல் வந்த அவருடைய இசை ஆராய்ச்சியான யாழ் நூலைத் திறந்து பாருங்கள், எவ்வளவு கணக்கு. கணக்கும் கருவியும் வந்தால் சங்கீதம் கெட்டுவிடும் என்று அவர் நினைத்திருந்தால் அந்த நூலே வந்திருக்காது.

உண்மையில் இது விசையைப் பற்றிய பிரச்சினையே இல்லை என்றுதான் எழுத எழுதத் தோன்றுகிறது. பிரதி எடுக்கிறவரை எப்போதும் நாங்கள் மதித்ததில்லை. மேடையில் நிற்கிறவருக்கு மாலை. இரவு ஒரு மணிவரை இருந்து தமிழ் வரியை அசை அசையாகப் பிரித்துச் சுரத்துக்குக் கீழே போடுகிறவர், யாரோ பாமினி என்ற பழைய எழுத்துருவில் அனுப்பிய பாட்டை யுனிகோடுக்கு மாற்றி, உடைந்த கொம்பு சுழியெல்லாம் சேர்க்கிறவர், அவருக்கு ஒரு பெயர்கூட இல்லை. எங்கள் குழுவில் ஐந்து வருடமாக இந்த வேலையைச் செய்தது முழுக்கப் பெண் பிள்ளைகள். ஒருத்திக்காவது ஒரு நிகழ்ச்சி நிரலில் பெயர் போட்டோமா? நானும் போடவில்லை. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவேண்டும், இங்கேயே கேட்கிறேன்.

அந்தச் சொல்லைச் சொன்னவர் எனக்கு மூத்தவர், எனக்குப் பாடப் பழக்கியவர், அந்த மரியாதை குறையாது. ஆனால் சிரித்தவர்கள் எல்லாரும் இருக்கும்போது சொன்ன சொல்லை எல்லாரும் இருக்கும்போதுதான் திரும்ப எடுக்கவேண்டும்.

நேற்று இரவு 11 மணிக்கு அந்தப் பிள்ளையிடமிருந்து ஒரு செய்தி. இனி வரமாட்டேன் என்று எழுதியிருப்பாள் என்று பயந்துகொண்டு திறந்தேன். "சேர், பேஸ் எஃப்பை மேல ஏத்தினதால அந்த இடத்தில டெனர் சி அதுக்குக் கீழ போயிட்டுது. டெனரை ஏ ஆக்கியிருக்கன். பாடிப் பார்த்தன், நல்லா இருக்கு. ஞாயிறுக்கு இந்தப் பிரதியக் குடுங்க."