ஒரு ஃபேன் தனக்கு வேண்டிய கரண்டைத் தானே தயாரித்துக்கொள்ளுமா?

ஒரு மோட்டார். பெல்ட் போட்டு அதோடு ஒரு டைனமோ. நடுவில் கனமான இரும்புச் சக்கரம். முதலில் வீட்டு கரண்டில் ஓட விடுகிறார்கள். வேகம் பிடித்ததும் மோட்டாரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, டைனமோவிலிருந்து வரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுகிறார்கள். மோட்டார் நிற்காமல் ஓடுகிறது, பக்கத்தில் பல்பு வேறு எரிகிறது. இந்த வீடியோவை அடிக்கடி யாராவது எனக்கு அனுப்பி, "இது நிஜமா?" என்று கேட்கிறார்கள்.

நிஜமில்லை. ஆனால் கேட்பவர்களில் பலர் படிக்கிற பிள்ளைகள். அவர்களை ஒரு வார்த்தையில் வாயடைத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கணக்கைப் பார்ப்போம். நல்ல மோட்டார், வாங்குகிற மின்சாரத்தில் 85 சதவீதத்தைச் சுழற்சியாக மாற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டைனமோவுக்கும் அதே 85. உள்ளே 100 வாட் போனால் வெளியே வருவது 72 வாட். அந்த 72-ஐ மறுபடி உள்ளே விட்டால் அடுத்த சுற்றில் 52. மீதி எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால் மோட்டாரின் மேல் கை வைத்துப் பாருங்கள், சுடும். பேரிங் இரைச்சலிலும் பெல்ட் உரசலிலும் கொஞ்சம் போகிறது. இரும்புச் சக்கரம் எதையும் உண்டாக்குவதில்லை. முதலில் வீட்டு கரண்ட் கொடுத்ததைச் சேர்த்து வைத்திருந்து திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். சக்கரம் தளர்வதற்கு முன்பே வீடியோவை வெட்டிவிடுவார்கள். நிற்காமல் ஓடுகிறது என்றால் மேஜைக்கு அடியில் இன்னொரு வயரோ பேட்டரியோ இருக்கிறது.

இந்த ஆசை பழையது. 12-ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை இரண்டாம் பாஸ்கரர், ஆரக்கால்களுக்குள் பாதரசம் அடைத்துத் தானே சுழலும் சக்கரம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். இப்படிப்பட்ட இயந்திரங்களை இனி பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775-இல் முடிவே எடுத்துவிட்டது. அப்படியும் ஓயவில்லை. 1813-இல் நியூயார்க்கில் ரெட்ஹெஃபர் என்பவர் தானே ஓடும் இயந்திரம் என்று ஒன்றைக் காட்டிக் காசு வாங்கினார். நீராவிக் கப்பல் புகழ் ராபர்ட் ஃபுல்டன் போய்ப் பார்த்தார். சக்கரம் ஒரே சீராகச் சுழலவில்லை, கையால் சுற்றுவது போல ஏறி இறங்கியது. பலகையைப் பெயர்த்தால், சுவர் வழியே ஒரு நரம்புக் கயிறு போகிறது. அதன் மறுமுனையில் ஒரு முதியவர் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்!

அப்போ வீட்டுச் சாமான் எதுவுமே தனக்கான மின்சாரத்தை உண்டாக்காதா? உண்டாக்கும். எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்.

பைலட் சுடர் (எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சின்னச் சுடர்) உள்ள கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்திருந்தால் தெரியும், தீ பிடித்த பிறகும் குமிழைச் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கம்பியின் நுனி சூடேறத்தான் அந்த நேரம். இரண்டு வேறு உலோகங்களின் இணைப்பு அது, பெயர் தெர்மோகப்பிள். நுனி சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால் மின்சாரம் பிறக்கும். இந்த விளைவை சீபெக் என்ற இயற்பியலாளர் 1821-இல் கண்டார். கிடைப்பது ஏறக்குறைய 30 மில்லிவோல்ட். ஒரு சின்ன மின்காந்தம் கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்க அது போதும். சுடர் அணைந்தால் நுனி ஆறும், மின்சாரம் குறையும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். பிளக்கும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. எரிகிற கேஸுக்குத்தான் காசு.

கேஸ் லைட்டரின் பொறி உங்கள் கட்டைவிரல் கொடுத்த விசையிலிருந்து வருகிறது. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டுபிடித்தார்கள். பேட்டரியே இல்லாத காலிங் பெல் சுவிட்சும் விரலை நம்பித்தான் இருக்கிறது.

"ஃபிரிட்ஜின் பின்பக்கம் சூடாக இருக்கிறதே, அதை எடுக்கலாமே?" என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. அங்கே சூடு 45 டிகிரி, அறையில் 30 டிகிரி என்றால், அந்தச் சூட்டில் 5 சதவீதத்தைக்கூட மின்சாரமாக மாற்ற முடியாது. இது கருவியின் குறை இல்லை, இயற்கை வைத்த வரம்பு. கிடைப்பதை எடுக்கப் போனால் ஃபிரிட்ஜ் சூட்டை வெளியேற்றுவதும் தடைபடும்.

அதனால் கரண்ட் பில்தான் கவலை என்றால், பழைய சீலிங் ஃபேனுக்கு 75 வாட் தேவைப்படும் இடத்தில் பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஃபேனுக்குச் சுமார் 30 வாட் போதும். அந்த 45 வாட் மிச்சம் உண்மையானது. கூரையில் சோலார் போட்டால் அது வெயிலிலிருந்து எடுக்கிறது, அதிலும் மர்மம் இல்லை.

எனக்குக் கோபம் வருவது, இந்த இயந்திரங்களுக்கு முன்பணம் வாங்குகிறவர்கள் மேல்தான். யாராவது உங்களிடம் விற்க வந்தால், உங்கள் மேஜையில் வைத்து, நீங்கள் கொண்டுவந்த ஹீட்டரை மாட்டி, ஒரு இரவு முழுக்க ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூடிகளைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பணப் பேச்சை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம்.