ஆரோவிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

கட்டடக்கலை மாணவர்களுக்கான போட்டிகளையும் கண்காட்சிகளையும் தேடித் தொகுத்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் உங்கள் பட்டியலில் பயிற்சி முகாம்கள் பற்றி ஒரு வரிகூட இல்லை. புதுச்சேரி பக்கத்தில் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் இருக்கிறதே! 1989-இல் தொடங்கிய இடம். உலகின் பல நாடுகளிலிருந்து வந்து மண் கட்டுமானம் படித்துவிட்டுப் போகிறார்கள்.

நான் மூன்றாம் ஆண்டில் போனேன். ஒரு பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தோம். மணல் முதலில் அடியில் இறங்கியது, அதன்மேல் வண்டல், களிமண் கடைசியாக. எந்த மண் சுவர் கட்டும் மண்கல்லுக்கு ஆகும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அப்புறம் சுமார் ஐந்து சதவீதம் சிமெண்ட் கலந்து, அழுத்தும் இயந்திரத்தின் அச்சில் கொட்டி, இரண்டு பேராக நெம்புகோலை இழுத்தால் கல் தயார். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். நான்கு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வளைவுக்கூரை வகுப்பைத் தவறவிடாதீர்கள். அடியில் தாங்கிப் பிடிக்கும் சென்ட்ரிங் பலகையே இல்லாமல், ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் சாய்ந்து ஒட்டி நிற்கும். முதல் கல்லை வைத்துவிட்டுக் கையை எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. விழவில்லை!

போட்டிச் சான்றிதழுக்குத் தரும் மதிப்பைக் கல்லூரிகள் இந்தப் பயிற்சிக்கும் தரவேண்டும்.