சத்தம் தாங்காதவர்களைக் கிராமத்துக்கு அனுப்பாதீர்கள்

"சத்தம் ஒத்துக்கலைன்னா கிராமத்துப் பக்கம் போய் இருந்துட வேண்டியதுதானே?"

இதை எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள் என்று கணக்கில்லை. எல்லோரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். அதை நம்பி வேலூரைக் காலி செய்துகொண்டு போய், இரண்டரை வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் நாங்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் பிரச்சினை. எனக்குக் காதில் குறை ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்குச் சாதாரணமாகக் கேட்கும் சத்தம் எனக்கு அளவு மீறிக் கேட்கும். எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் காதுக்குள் ஊசி குத்துவது போல வலிக்கும். பஸ்ஸில் ஏர் ஹாரன் அடித்தால் நெஞ்சுப் படபடப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆகும். இதற்கு ஹைப்பர்அக்யூசிஸ் என்று பெயர். மென்று சாப்பிடும் சத்தம், மூக்கு உறிஞ்சும் சத்தம் என்று குறிப்பிட்ட சில சத்தங்கள் மட்டும், மெதுவாகக் கேட்டாலே தாங்க முடியாமல் போவது வேறு. அதற்கு மிசோஃபோனியா என்று 2001-ல்தான் பெயரே வைத்தார்கள். என் ஆயாவுக்கும் என் பிரச்சினை இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கல்யாண வீட்டில் மேளம் ஆரம்பித்ததும் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் எழுந்து போகிறாளே என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரை ஏசினார்கள். பாவம், அவருக்கே காரணம் தெரியாது.

வேலூர் சத்துவாச்சாரியில் இருந்தபோது சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை எங்கள் வீட்டுக்கு ரொம்பப் பக்கம். ராத்திரி முழுக்க லாரி. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த இரைச்சல் என்னை அவ்வளவாகப் படுத்தவில்லை. அது ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். என்னை உடைத்தவை திடீர் ஹாரன்களும் எதிர் வீட்டு வெல்டிங் பட்டறையின் கிரைண்டரும்தான். அந்த வித்தியாசம் அப்போது எனக்குப் புரியவில்லை. ஊரையே மாற்றினால் சரியாகிவிடும் என்று அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கணவரின் சொந்த கிராமத்துக்குக் குடிபோனோம்.

முதல் ஒரு மாதம் சொர்க்கம். விடியற்காலையில் கரிச்சான் குரல், மழை பெய்தால் தவளை. பல வருஷத்துக்குப் பிறகு ராத்திரி முழுக்கத் தூங்கினேன்.

அப்புறம் ஆடி மாதம் வந்தது. கூழ் ஊற்றுவதற்கு மூன்று நாள் முன்பே வேப்ப மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். விடியற்காலை நாலரைக்கு ஆரம்பிக்கும். மார்கழியில் மாதம் முழுக்க. தையில் மாடு விடும் விழா. யாராவது இறந்துவிட்டால் எடுக்கும் வரை பம்பையும் வாணமும். இவற்றையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. இது அந்த ஊரின் வாழ்க்கை. பாரதக் கூத்து எனக்கு உயிர். வடஆர்க்காட்டில் பிறந்து வளர்ந்த யாருக்கு இல்லை? திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் பகலெல்லாம் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியெல்லாம் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்திருக்கிறேன். கூத்துக்காரர்களின் குரல் மைக் இல்லாத காலத்திலேயே கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்த குரல். அந்தக் குரலை நாலு குழாயில் கொடுத்து, நாலு திசைக்கும் திருப்பி, பக்கத்து ஊர் வரைக்கும் கேட்க வைப்பது எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

கிராமத்தில் ஏன் அதிகமாக வலித்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். உதாரணத்துக்குச் சொல்கிறேன்: ராத்திரியில் சுற்றுப்புறம் 30 டெசிபலில் இருக்கும் ஊரில் 60 டெசிபலில் ஒரு சத்தம் எழுந்தால் அது 30 டெசிபல் ஏற்றம். ஒவ்வொரு பத்துக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது. அப்படியானால் ஆயிரம் மடங்கு. சுற்றுப்புறமே 50-ல் இருக்கும் டவுனில் அதே சத்தம் பத்து மடங்குதான். அமைதி எவ்வளவு ஆழமோ, அடி அவ்வளவு பலம். அதோடு தெளிந்த வானமும் காற்று அசையாத ராத்திரியும் இருந்தால் தரையை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடக் குளிர்ந்துவிடும். அப்போது மேலே போக வேண்டிய ஒலி கீழே வளைந்து நெடுந்தூரம் வருகிறது. இரண்டு ஊர் தள்ளிப் போடும் பாட்டின் வார்த்தைகள் மார்கழி விடியலில் எனக்குத் தெளிவாகக் கேட்டது இதனால்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது வேறு. கோயிலில் மைக் போடுபவர் என் கணவருக்குப் பெரியப்பா முறை. ஒரு நாள் தயங்கித் தயங்கி, "பெரிய மாமா, கொஞ்சம் சின்னதா வைக்க முடியுமா?" என்று கேட்டேன். "இன்னாம்மா, சாமி பாட்டு கூடவா உனுக்கு ஆவாது?" என்றார். கோபமே இல்லை. மனசு நொந்துபோய்க் கேட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் பதில் சொல்ல வேண்டியவர் என் அத்தை ஆகிவிட்டார். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விழாக்களுக்கு அரசு விலக்குக் கொடுத்தால்கூட வருஷத்துக்கு 15 நாள், அதுவும் நள்ளிரவு 12 வரைதான். சட்டம் என் பக்கம்தான். ஆனால் பெரிய மாமா மேல் புகார் கொடுத்துவிட்டு அந்தத் தெருக் குழாயில் அத்தை எப்படித் தண்ணீர் பிடிப்பார்?

டவுனில் சத்தம் போடுபவர் யாரோ ஒருவர். போய்க் கேட்கலாம், சண்டை போடலாம், வீட்டை மாற்றலாம். கிராமத்தில் சத்தம் சொந்தக்காரருடையது.

வேறு வழி தெரியாமல் காதில் அடைப்பான் வைக்க ஆரம்பித்தேன். சமைக்கும்போது, படிக்கும்போது, சும்மா இருக்கும்போதுகூட. ஆறு மாதத்தில் நிலைமை மோசமாகி, கதவுத் தாழ்ப்பாள் சத்தம்கூட வலித்தது. காது பரிசோதனை செய்த பெண்மணிதான் விளக்கினார். ஒலி வராவிட்டால் மூளை ரேடியோ வால்யூமைக் கூட்டுவது போலத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளுமாம். கிரைண்டர், வெடி மாதிரி உண்மையிலேயே பெரிய சத்தத்துக்கு மட்டும் அடைப்பான் போதும், மற்ற நேரம் மெல்லிய ஒலி ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்றார். எனக்கு யாரும் முன்பே சொல்லாத விஷயம் இது. தயவுசெய்து கவனியுங்கள்.

இப்போது காட்பாடி காந்தி நகரில் ஓர் உள்தெருவில் இருக்கிறோம். மழையோ குளிரோ, டேபிள் ஃபேன் ஓடும். ராத்திரியில் ரயில் ஹாரன் கேட்கும். வருவது தெரியும், போவதும் தெரியும், அதனால் எனக்குப் பயமில்லை. பக்கத்து வீட்டு மிக்சிக்கும் நேரம் எனக்குத் தெரியும். இங்கே நன்றாகத் தூங்குகிறேன்.

எல்லோருக்கும் டவுன்தான் சரி என்று சொல்ல மாட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் செருமினாலே துடித்துப்போகிறவருக்கு ஒட்டுச் சுவர் வீடு நரகம். அவர் கிராமத்துக்குப் போகலாம், ஆனால் ஊருக்குள் வேண்டாம், ஊரை விட்டுத் தள்ளிக் கொல்லையில், அதாவது நிலத்திலேயே, வீடு கட்டிக்கொள்ளட்டும். அதிலும் தூரக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரே இடத்திலிருந்து வரும் ஸ்பீக்கர் ஒலி, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். நீளமாக ஓடும் நெடுஞ்சாலை இரைச்சல் 3 டெசிபல்தான் குறையும். கோயிலை விட்டுத் தள்ளிப் போவதில் பலன் உண்டு. ரோட்டை விட்டு 100 மீட்டர் தள்ளி மனை வாங்கி ஏமாறாதீர்கள். ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம் என்றும் நம்பாதீர்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், ஏசி இல்லாத வீட்டில் யாரால் சாத்திக்கொண்டு படுக்க முடியும்?

போன மாதம் ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு மனை வந்தது. விலை குறைவு, கிணறு உண்டு. தரகர் பகல் 11 மணிக்கு வரச் சொன்னார். நாங்கள் வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே போய் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். ஐந்தே காலுக்குப் பனைமரத்துக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தது. கணவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். அடுத்ததாக அமிர்தி ரோட்டில் ஒன்று சொல்லியிருக்கிறார்கள். அதை ஆடி மாதத்தில் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.