சீரியலுக்குப் 'போய்ட்டாராம்'

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேற்றிலிருந்து பத்துப் பேராவது எனக்கு அனுப்பிவிட்டார்கள். இயக்குநர் கே. பாலசந்தரைப் பற்றி ஒருவர் நாற்பது நிமிடம் பேசுகிறார். அதில் சின்னத்திரைக்கு ஒரே ஒரு வரி: "அப்புறம் மார்க்கெட் போச்சு, சீரியலுக்குப் போய்ட்டாரு." கூடவே ஒரு சிரிப்பு.

போய்ட்டாராம். காசிக்குப் போன மாதிரி.

ஐயா, வருடத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அவருடைய 'ரயில் சினேகம்' சீரியல் தூர்தர்ஷனில் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அதை ஒட்டியேதான் 1991இல் 'அழகன்', 1992இல் 'வானமே எல்லை', 1994இல் 'டூயட்' என்று படங்கள். மார்க்கெட் போனவர் செய்கிற வேலையா இது? ஏஜி ஆபீஸ் (அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகம்) குமாஸ்தா நாடக மேடையிலிருந்து வந்து 1965இல் 'நீர்க்குமிழி' எடுத்தால் அது வளர்ச்சி. அதே ஆள் டிவிக்கு வந்தால் மட்டும் சறுக்கலா?

அவருடைய 'கையளவு மனசு' சீரியல் ஓடிய நாட்களில் எங்கள் வீட்டில் டிவி கிடையாது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடுவாள், பின்னாலேயே நான். அதில் நடித்த கீதா அழுதால் அம்மாவும் அழுவாள். விளம்பரம் வந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அந்தப் பிள்ளைங்க கதி என்னடா?" என்று எட்டாம் வகுப்புப் பையனான என்னைக் கேட்பாள். தியேட்டர் பக்கம் போயே வருடக்கணக்கான ஒருத்திக்கு பாலசந்தர் என்றால் அந்த அரைமணி நேரம்தான். அது கணக்கில் வராதாம்.

"இப்ப வர்ற சீரியலைப் பார்த்துட்டுப் பேசு" என்று ஒருவர் வருவார். சரி, ஒரே அறையை மூன்று கோணத்தில் காட்டுகிறோம், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு அவரா பொறுப்பு? "அவரோட 'பொய்' படம் ஓடலையே" என்பார் இன்னொருவர். ஓடவில்லைதான். அது 2006. அதற்குள் அவர் டிவிக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டதே! 'சிந்து பைரவி'யின் தொடர்ச்சியைக்கூட 'சஹானா' என்று சீரியலாகத்தான் எடுத்தார். போக்கிடம் இல்லாதவர் தன் முத்திரைப் படத்தையா கொண்டுவந்து கொடுப்பார்?

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்பீர்கள். பதினோரு வருடமாக சீரியலுக்கு வசனம் எழுதுகிறேன். போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா முறை ஒருவர், நாலு இலை தள்ளி இருப்பவருக்கும் கேட்கும்படி, "இன்னும் சீரியல்தானா? சினிமா ஒண்ணும் அமையலையா?" என்றார். சிரித்து வைத்தேன். ரசம் வருவதற்குள் குனிந்து மெதுவாக, "அந்த மாமியார் எப்பப்பா சாவா?" என்றார்.

அடுத்த மாதம் சாகிறாள். சொல்லவில்லை.