பெயர் மாறிய ஆய்விதழும் தார்சஸ் நகரத்துத் துறவியும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1972 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டு வந்த ‘ஆங்கிலோ-சாக்சன் இங்கிலாந்து’ என்னும் ஆய்விதழ், ‘தொடக்க இடைக்கால இங்கிலாந்தும் அதன் அண்டையரும்’ என்று தன் பெயரை மாற்றிக்கொள்ளும் செய்தி 2024இல் வெளிவந்தபோது பிரிட்டனில் பெரும் கோபம் எழுந்தது. ஐந்தாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து பிரிட்டனுக்கு வந்து குடியேறி, 1066இல் நார்மானியர் வெல்லும் வரை இங்கிலாந்தில் வாழ்ந்த மக்களுக்கு வழங்கிவரும் பெயர்தான் ஆங்கிலோ-சாக்சன். வரலாற்றையே அழிக்கிறார்கள் என்று ஒரு தரப்பு குமுறியது. இனவாதம் ஏறிய ஒரு சொல்லைக் கைவிட ஐம்பது ஆண்டுகள் ஆயிற்றே என்று மறுதரப்பு வருந்தியது. பெயர் மாற்றம் சரியானது என்பதே என் கருத்து. ஆனால் இரு தரப்பினருமே அந்த இதழின் அட்டையைப் பற்றித்தான் பேசினார்கள், உள்ளே இருந்த பக்கங்களைப் பற்றி அதிகம் பேசவில்லை என்பது என் மனக்குறை. அந்தப் பக்கங்களைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அட்டையில் இருந்த பெயர் எந்தத் தூய இனத்தைக் குறிப்பதாக உலகம் நம்பியதோ, அப்படி ஓர் இனம் வரலாற்றில் இருந்ததில்லை என்பதை அந்த இதழே பல பத்தாண்டுகளாகப் பொறுமையுடன் நிறுவி வந்திருக்கிறது.

ஆங்கில இலக்கியம் பயின்ற நாட்களில்தான் இந்த இதழை முதன்முதலில் கையில் எடுத்தேன். ‘பியோவுல்ஃப்’ என்னும் பழைய ஆங்கிலக் காப்பியத்தைப் பற்றித் தேர்வுக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டு போனேன். அட்டை கட்டப்பட்ட அந்தத் தொகுதியில் கட்டுரைகள் முடிந்த பிறகும் பல பக்கங்கள் நீண்டன. புரட்டிப் பார்த்தால் அது நூலடைவு. முந்தைய ஆண்டில் அந்தக் காலகட்டத்தைப் பற்றி வெளிவந்த நூல்கள், கட்டுரைகள், மதிப்புரைகள் எல்லாம் மொழி, இலக்கியம், இலத்தீன் நூல்கள், தொல்லெழுத்தியல், வரலாறு, நாணயவியல், ஊர்ப்பெயராய்வு, தொல்லியல் என்று வகைபிரித்து அடுக்கப்பட்டிருந்தன. தேர்வை மறந்துவிட்டு அந்தப் பட்டியலையே அன்று மாலை முழுவதும் படித்தேன்.

இதழைத் தொடங்கியவர் பீட்டர் கிளெமோஸ். கேம்பிரிட்ஜில் ஆங்கிலோ-சாக்சன் துறைப் பேராசிரியராக 1969 முதல் 1982 வரை இருந்தவர். ஏல்ஃப்ரிக் என்னும் துறவியின் மறையுரைகளை ஆய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் வகித்த அந்தப் பேராசிரியர் பதவியே, பழைய ஆங்கில அகராதி தொகுத்த ஜோசப் பாஸ்வொர்த் 1867இல் கொடுத்த 10,000 பவுண்டு நன்கொடையால் உருவானது. 1912 முதல் 1941 வரை அதில் இருந்த ஹெக்டர் மன்றோ சாட்விக், மொழியை மட்டும் தனியே கற்பது போதாது, அந்த மக்களின் வரலாறு, தொல்லியல், அண்டைப் பண்பாடுகள் அனைத்தையும் சேர்த்தே கற்க வேண்டும் என்ற பார்வையை அங்கே வேரூன்றச் செய்திருந்தார். கிளெமோஸின் இதழ் அந்தப் பார்வைக்குக் கிடைத்த அச்சு வடிவம் என்றே நான் கொள்கிறேன். நாணயம் ஆய்பவர் நாணய இதழிலும், அகழாய்வு செய்பவர் தொல்லியல் இதழிலும், இலக்கணம் ஆய்பவர் மொழியியல் இதழிலும் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் அனைவரையும் ஒரே அட்டைக்குள் அமர்த்த அவர் முயன்றார். அந்த முயற்சியின் மையம் நான் மேலே சொன்ன நூலடைவுதான். முதல் தொகுதியிலேயே 1971ஆம் ஆண்டுக்கான நூலடைவு இடம்பெற்றது.

இதன் அருமையை இன்றைய மாணவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஒரு சொல்லைத் தட்டினால் ஆயிரம் கட்டுரைகள் திரையில் வந்து நிற்கும் காலம் இது. அன்று ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய, ஸ்காண்டிநேவிய இதழ்களை எல்லாம் யாராவது ஒருவர் கையில் எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்து, தலைப்பையும் பக்க எண்ணையும் எழுதிக்கொண்டு, ஆண்டுதோறும் அதே வேலையைச் சலிக்காமல் செய்தால்தான் அப்படி ஒரு பட்டியல் உருவாகும். அறிஞர்கள் குழுவாக அதைச் செய்தார்கள். இத்தகைய வேலைக்கு எங்குமே பதவி உயர்வோ பரிசோ எளிதில் கிடைப்பதில்லை. இருந்தும், பெரிய நூலகங்கள் இல்லாத ஊரில் உட்கார்ந்திருக்கும் ஒரு வாசகனுக்கு, தன் துறையில் உலகெங்கும் என்ன நடக்கிறது என்று காட்டும் ஒரே சாளரமாக அது இருந்தது. ஓர் ஆய்விதழின் பெருமை புகழ்பெற்ற கட்டுரைகளில் இருப்பதைவிட இத்தகைய பக்கங்களில்தான் கூடுதலாக இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கட்டுரைகளும் குறைந்தவை அல்ல. முதல் தொகுதியிலேயே மியூனிக் பேராசிரியர் ஹெல்முட் க்னாய்ஸ், பழைய ஆங்கிலத்தின் தரப்படுத்தப்பட்ட எழுத்து வழக்கு எங்கே பிறந்தது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். 963 முதல் 984 வரை வின்செஸ்டரின் ஆயராக இருந்த ஏதல்வோல்டின் பள்ளியில், இலத்தீன் சொற்களுக்கு எந்தெந்த ஆங்கிலச் சொற்களைப் பயன்படுத்துவது என்பதில் ஓர் ஒழுங்கு திட்டமிட்டே வளர்க்கப்பட்டது என்று அவர் காட்டினார். செருக்கு, திருச்சபை, மணிமுடி போன்ற கருத்துகளுக்கு அந்தப் பள்ளியினர் தமக்கென்று தேர்ந்த சொற்களை வைத்திருந்தார்கள். ஏல்ஃப்ரிக் அந்தப் பள்ளியின் மாணவர். ஒரு மொழியின் எழுத்து வழக்கு இயல்பாக முளைப்பதோடு, சில ஆசிரியர்கள் ஒரு வகுப்பறையில் எடுத்த முடிவுகளாலும் உருவாகக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கட்டுரையை நான் படித்ததில்லை. அதே க்னாய்ஸ் 9ஆம் தொகுதியில், 1100ஆம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்தில் எழுதப்பட்ட அல்லது அங்கு வைத்திருக்கப்பட்ட தோல்சுவடிகளின் முதற்கட்டப் பட்டியலை வெளியிட்டார். அதுவும் பட்டியல்தான். பின்னாளில் தனி நூலாக விரிந்து, அந்தத் துறையில் எவரும் கைவிட முடியாத கருவியாயிற்று.

என் மனத்தில் நீங்காமல் இருப்பது 1986இல் வெளிவந்த 15ஆம் தொகுதி. அதில் மைக்கேல் லாபிட்ஜ், ஏழாம் நூற்றாண்டில் தென்கிழக்கு இங்கிலாந்தின் கான்டர்பரியில் தியடோரும் ஹேட்ரியனும் நடத்திய பள்ளியைப் பற்றி எழுதினார். 731இல் தம் வரலாற்று நூலை முடித்த துறவி பீட் இந்த இருவரின் கதையைச் சொல்லியிருக்கிறார். கான்டர்பரியின் பேராயர் பதவிக்கு அனுப்பப்பட்டவர் ரோமில் கொள்ளைநோயில் இறந்துபோக, போப்பாண்டவர் விட்டாலியன் முதலில் ஹேட்ரியன் என்ற துறவியை அழைக்கிறார். அவர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர். தாம் தகுதியற்றவர் என்று சொல்லி அவர் மறுத்து, தியடோரைப் பரிந்துரைக்கிறார். தியடோர் இன்றைய துருக்கியில் உள்ள தார்சஸ் நகரத்துக் கிரேக்கர், வயது அறுபத்தாறு. கீழைத் திருச்சபை வழக்கப்படி தலையை முழுவதும் மழித்திருந்ததால், மேலைத் துறவியருக்குரிய முறையில் உச்சியை மட்டும் மழிப்பதற்காக முடி வளரும் வரை அவர் நான்கு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. 669இல் கான்டர்பரிக்கு வந்து, 690இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். ஹேட்ரியனும் பின்தொடர்ந்து வந்து சேர்ந்தார். தங்கள் தாய்மொழியைப் போலவே இலத்தீனும் கிரேக்கமும் அறிந்த அவர்களுடைய மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்று பீட் எழுதுகிறார்.

இதை வெறும் புகழ்மொழி என்று ஒதுக்கிவிடவும் கூடும். அது உண்மை என்பதற்கான சான்றுகளை லாபிட்ஜ் எடுத்துக் காட்டினார். ஐரோப்பிய நூலகங்களில் சிதறிக் கிடந்த அருஞ்சொல் விளக்கக் குறிப்புகளை ஒப்பிட்டு, அவை அந்தப் பள்ளியில் மாணவர்கள் எழுதிக்கொண்ட பாடக் குறிப்புகளிலிருந்து வந்தவை என்று அவர் நிறுவினார். மிலான் நகரச் சுவடி ஒன்றில் பெர்ன்ஹார்ட் பிஷோஃப் 1936இல் கண்டறிந்த விவிலிய விளக்கங்கள், பிஷோஃபும் லாபிட்ஜும் சேர்ந்து பதிப்பித்த நூலாக 1994இல் வெளிவந்தபோது அந்த வகுப்பறையின் குரலே நமக்குக் கேட்கக் கிடைத்தது. முலாம்பழத்தைப் பற்றிய ஓர் இடத்தில், எடெஸ்ஸா நகரில் இரண்டு பழங்களை ஓர் ஒட்டகம் சுமப்பதே கடினம் என்னும் அளவுக்கு அவை பெரிதாக விளையும் என்று விளக்கம் வருகிறது. மழையும் குளிரும் நிறைந்த கென்ட் நாட்டில், ஒட்டகத்தைக் கண்ணால் கண்டிராத மாணவர்களுக்கு, சிரியாவின் பக்கத்து நிலத்தை அறிந்த ஒரு முதிய ஆசிரியர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. இங்கிலாந்தின் கல்வி வரலாற்றில் பெருமைக்குரிய தொடக்கம் என்று சொல்லத்தக்கதை ஒரு கிரேக்கரும் ஓர் ஆப்பிரிக்கரும் அமைத்தார்கள்.

இனி அந்தப் பெயருக்கு வருகிறேன். அது பொய்யாகப் புனையப்பட்ட பெயர் அல்ல. எட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெருநிலத்தில் எழுதிய பால் என்னும் திருத்தொண்டர் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். அரசர் ஆல்ஃபிரட் தம் பட்டயங்களில் ஆங்கிலோ-சாக்சன்களின் அரசர் என்று குறிக்கப்படுகிறார். ஆனால் அந்த மக்கள் தங்களை ஆங்கில் குலத்தார் என்றும் தங்கள் மொழியை ஆங்கிலம் என்றும்தான் பெரிதும் அழைத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லை ஓர் இனத்தின் பெயராக உயர்த்தியது பிற்காலம். பேரரசின் நாட்களில் உலகை ஆளப் பிறந்த இனம் என்ற பொருள் அதற்கு ஏறியது. அந்தப் பேரரசுக்கு உட்பட்டிருந்தவர்களின் வழிவந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் 1922இல் ‘ஆங்கிலோ-சாக்சன் சங்கங்கள்’ என்றே பெயரிட்டு ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. வெள்ளையர் பிறரை மணப்பதைத் தடைசெய்து வர்ஜீனியா மாநிலம் 1924இல் இயற்றிய சட்டத்துக்கு அது உழைத்தது. 1967இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கும் வரை அச்சட்டம் மனிதர்களின் வாழ்க்கையைச் சிதைத்தது.

இந்தத் துறையின் பன்னாட்டுச் சங்கம் 2019இல் கடும் விவாதத்துக்குப் பின் தன் பெயரிலிருந்து அந்தச் சொல்லை நீக்கியது. இதழ் அதன்பின் சில ஆண்டுகள் தயங்கி மாறியது. மாற்றத்தை எதிர்த்துக் கையெழுத்திட்ட ஆய்வாளர்களை நான் இழிவாக நினைக்கவில்லை. தொல்லியலில் அது துல்லியமான கலைச்சொல் என்றும், ‘இங்கிலாந்து’ என்ற பெயருமே காலத்துக்கு ஒவ்வாதது என்றும் அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. ஒரே இங்கிலாந்து அரசு உருப்பெறுவதே 927இல் அரசர் ஏதல்ஸ்டன் வடக்கே இருந்த நார்தம்பிரியாவைக் கைக்கொண்ட பிறகுதான். என்றாலும், ஒரு பெயரைக் கேட்டதும் ஒரு மாணவர் தனக்கு அங்கே இடமில்லை என்று உணர்வாரானால், துல்லியம் என்ற காரணம் மட்டும் போதாது. மேலும், ‘அண்டையர்’ என்ற புதிய சொல்தான் 15ஆம் தொகுதியின் உள்ளடக்கத்துக்குப் பொருந்துகிறது.

அண்டையர் என்பது எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு நமக்கு நெருக்கமான ஒரு சான்றும் உண்டு. ஆண்டுவாரியாக நிகழ்ச்சிகளைக் குறித்துவைத்த, பல கைப்படிகளாகக் கிடைக்கும் ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பின் 883ஆம் ஆண்டுப் பதிவில், ஆல்ஃபிரட் நேர்ந்துகொண்ட காணிக்கையைச் சிகெல்ம், ஏதல்ஸ்டன் என்ற இருவர் ரோமுக்கும், இந்தியாவில் புனித தோமாவுக்கும் புனித பர்த்தலமேயுவுக்கும் கொண்டு சென்றதாக வருகிறது. சில படிகளில் ‘இந்தியா’ என்றும், சில படிகளில் ‘யூதேயா’ என்றும் பாடம் இருக்கிறது. பழைய எழுத்துக்கூட்டலில் n, u என்னும் ஓரெழுத்து வேறுபாடுதான். அந்த இருவரும் தோமாவின் பெயர் விளங்கும் தென்னிந்தியக் கரைக்கு வந்திருப்பார்களா என்பது அந்தப் படிகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர்களின் உழைப்பில்தான் தங்கியிருக்கிறது. அந்த உழைப்புக்குத்தான் இந்த இதழ் அரை நூற்றாண்டு இடம் கொடுத்தது.

பழைய தொகுதிகள் பழைய பெயரிலேயே இருக்கும். அடிக்குறிப்புகளில் அவற்றை அந்தப் பெயரிலேயே காட்டுவோம். நம் ஆங்கில இலக்கிய வரலாற்று வகுப்புகளில் மாற வேண்டியது ஒன்று உண்டு. 449இல் முதல் ஆங்கிலோ-சாக்சன் தலைவர்களாகச் சொல்லப்படும் ஹெங்கிஸ்டும் ஹார்சாவும் கப்பலில் வந்து இறங்கிய கதையோடு இன்னும் பாடத்தைத் தொடங்கிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, ஒரு முறையாவது 669இல், முடி வளரக் காத்திருந்து வந்து சேர்ந்த தார்சஸ் நகரத்து முதியவரோடு தொடங்கிப் பாருங்கள் என்பதுதான்.