'சும்மா வெள்ளைக்காரன் கட்டடம்'

இரண்டு நாளாக ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்களே என்று அந்த வேலூர்க் கோட்டை வீடியோவை நானும் பார்த்துத் தொலைத்தேன். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் பத்து நிமிடம், அகழிக்கு மூன்று நிமிடம், ட்ரோன் வேறு. கோட்டைக்குள்ளேயே இருக்கும் செயின்ட் ஜான்ஸ் சர்ச் வந்ததும் வீடியோ எடுத்த தம்பி, "இது சும்மா வெள்ளைக்காரன் கட்டடம்ங்க, ஒண்ணும் இல்ல, வாங்க போலாம்" என்கிறார். நாலு செகண்ட். எண்ணிப் பார்த்தேன்.

ஒன்றும் இல்லையா? கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக இந்தக் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலை 10. சர்ச் கட்டியது 1846. நடுவில் நாற்பதே வருஷம். தலைப்பாகையை மாற்று, நெற்றிக்குறியை அழி, தாடியைக் குறை என்று உத்தரவு போட்டு, கொதித்தவர்களை ஆற்காட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை அடக்கி முடித்த அதே மதிலுக்குள்ளேதான் கம்பெனி தன் பட்டாளத்துக்கு ஒரு ஆராதனைக் கூடம் கட்டிக்கொள்கிறது. இனி எங்கேயும் போவதாக இல்லை என்று சுண்ணாம்பில் எழுதி வைத்த மாதிரி. அதை விட்டுவிட்டு 1806-க்கு மீசையை முறுக்கினால் கதை பாதிதான்.

வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா என்று வருவீர்கள், தெரியும். 1981 வரை மூலவரே இல்லாமல் கிடந்த கோயில் எங்களுடையது. தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று ஊரைக் கேலி பண்ணுவதைக் கேட்டே வளர்ந்த வீடு. எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். "நீங்க கிறிஸ்டியனா?" இல்லை. போதுமா?

அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் அது நியாயம். கோயிலின் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு சர்ச் மொட்டையாகத்தான் தெரியும். பட்டாளத்துக் கட்டடம் பின்னே எப்படி இருக்கும்?

ஆனால் 'சும்மா' என்று சொல்லாதீர்கள். என் தாத்தா கொத்தனார். நான் ஏழாவது படிக்கும்போது ஒரு மே மாத மதியம் அங்கே கூட்டிப்போய், நிழல் பக்கத்துச் சுவரில் என் கையைப் பிடித்து வைத்து, "சூடு தெரியுதா பாரு" என்றார். தெரியவில்லை. வேலூர் வெயிலில்! சிமெண்டு மூச்சு விடாதுடா, சுண்ணாம்பு விடும் என்றார். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் காரை அரைத்த காலத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். வெள்ளைக்காரன் கட்டடமாம். கல் சுமந்து காரை குழைத்த கை லண்டனிலிருந்தா கப்பலேறி வந்தது? அவரையும் வாழ்நாள் முழுக்க 'சும்மா கொத்தனார்' என்றுதான் சொன்னார்கள், எங்கள் சொந்தக்காரர்கள் உட்பட.

அவர் பூசிய வீடு ஒன்று ஆஸ்பத்திரிப் பக்கம் இருந்தது. போன வருஷம் லாட்ஜ் கட்ட இடித்தார்கள். போய் நின்றேன். இடிக்க வந்த ஆள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடமே கேட்டார்: "யாரு சார் கட்டினது இது, சம்மட்டி எகிறுது?"